இல்லாத பதினேழு நோய்கள்

ஆஸ்பத்திரிக்கு மடிப்பக்கா கட்ட வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டும், அதற்கு மேல் ஐம்பது காசும். தொகையைச் சிவப்பு மையில் எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அவளுக்கு இல்லாத பதினேழு நோய்களுக்கு, நோய் ஒன்றுக்கு முந்நூற்று எழுபத்தைந்து வீதம் ஆறாயிரத்து முந்நூற்று எழுபத்தைந்து. மீதி முப்பத்தேழு ஐம்பது, அவளுடைய கோப்பைக் கட்டிய நாடாவுக்கு.

“இல்லாத நோய்க்கு எதுக்கு சார் காசு?” என்று கேட்டாள்.

கட்டணக் கவுண்டரில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். “இல்லன்னு சொல்றது லேசுன்னு நெனைச்சியாம்மா? இருக்குன்னு சொல்ல ஒரு டாக்டர் போதும். இல்லன்னு சொல்ல மூணு பேர் கையெழுத்துப் போடணும்.”

“அந்தப் பதினேழுல ஒண்ணு இருந்திருந்தா?”

“எல்லாமே இலவசம். வாசல்ல போர்டு பாக்கலையா?”

பார்த்திருக்கிறாள். எட்டு வருஷமாகத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு அந்தப் போர்டுக்கு அடியில்தான் போய் வருகிறாள். ‘காரணமுள்ள நோய்கள் அனைத்துக்கும் கட்டணமில்லாச் சிகிச்சை’ என்று அதில் இருக்கும். முதல் வார்த்தையை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

“உனக்கு ரத்த அழுத்தம் இருக்கு, துடிப்பும் தவறுது. அதையெல்லாம் நாங்க மறுக்கல,” என்றார் கவுண்டர்காரர். “ஆனா காரணக் கட்டம் காலியா இருக்கு பாரு. குழு உக்காந்து அதுல ஒரு வார்த்தை எழுதிட்டா பாக்கி பூராவும் கழிஞ்சிடும். அதுவரைக்கும் கோப்பு மூடியிருக்கும். கோப்பு மூடியிருந்தா மாத்திரை கிடையாது.”

அவளிடம் பதினொரு நாளுக்கான மாத்திரை இருந்தது.

மடிப்பக்கா என்பது அவளுக்குச் சலவைக்கூடத்தில் வந்த பெயர். ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருக்கிறது அந்தக் கூடம். ஆஸ்பத்திரியின் விரிப்புகள், தலையணை உறைகள், பச்சை அங்கிகள் எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். துணி தேய்க்கும் ஆவி மேசையில் அவள் மடித்த விரிப்பை அடுக்கிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். நாலு ஓரமும் புத்தகத்தின் ஓரம் மாதிரி ஒட்டி நிற்கும்.

குழந்தை வயிற்றில் இருந்தவரை அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பிரசவமும் வலியோடு முடிந்ததே தவிர வம்போடு முடியவில்லை. பெண் குழந்தை. பிறந்து ஐம்பதாவது நாள், வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில், ஒரு விரிப்பை நாலாக மடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு வராமல் போனது. அவள் அதற்காகக் காத்திருந்தாள். பிறகு அது இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு இரண்டாக வந்தது. பின்மண்டையில் யாரோ தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரிப்பு கருகவில்லை என்று பார்த்த பிறகுதான் கீழே உட்கார்ந்தாள்.

“தூக்கமில்ல, அதான்,” என்றான் புருஷன். அவன் கடைவீதியில் மூட்டை தூக்குகிறவன். எந்த நோயையும் தூங்கினால் சரியாகிவிடும், தூங்காவிட்டால் சரியாகாது என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தான்.

“நான் அஞ்சு பெத்தேன்,” என்றாள் மாமியார். “நெஞ்சுன்னு ஒண்ணு உள்ள இருக்குன்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

இரண்டாவது முறை வந்தபோது மடிப்பக்கா ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணி வண்டி இல்லாமல் முன்வாசல் வழியாக அவள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

பிரசவப் பிரிவு அதிகாரி விரல் விட்டு எண்ணினார். “பிரசவம்ங்கிறது நாப்பத்திரண்டு நாளும்மா. உனக்கு வந்தது ஐம்பதாவது நாள். எட்டு நாள் முந்தி வந்திருந்தா இது எங்க ரத்த அழுத்தம். இப்ப இது உன் சொந்த ரத்த அழுத்தம்.”

இதயப் பிரிவு அதிகாரி அதைவிட அன்பாகப் பேசினார். “புள்ள பெறுறதுக்கு முன்னாடி உனக்கு இப்படி இருந்துச்சா?”

“இல்ல சார்.”

“பாத்தியா. உன் இதயம் நல்ல இதயம்மா. பிரசவத்துல நடந்ததுக்கு அது மேல பழி போடலாமா?”

இரண்டு பிரிவும் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொள்வதாக முடிவானது. கடிதம் போய் வருவதற்குள் அழுத்தத்தை ஒழுங்காகப் பார்த்துவிடலாம் என்று அவளை மூன்றாவது மாடிக்கு அனுப்பினார்கள்.

அழுத்தம் பார்ப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் ஓய்வாக உட்கார வேண்டும் என்பது விதி. ஓய்வுக்கென்று ஒரு நாற்காலி இருந்தது. லிஃப்ட் ஓடவில்லை. நாற்காலிக்கான வரிசை முதல் மாடிப் படியில் தொடங்கியது. மடிப்பக்கா இரண்டேகால் மணி நேரம் நின்று ஓய்வை நெருங்கினாள். நாற்காலிக்குப் பக்கத்தில் கையில் கடிகாரத்தோடு ஓய்வுக் கண்காணிப்பாளர் நின்றிருந்தார்.

“ம், ஆரம்பி! பேசக் கூடாது. கால் மேல கால் போடக் கூடாது. வீட்டை நெனைக்கக் கூடாது.”

“ஆஸ்பத்திரியை நெனைக்கலாமா சார்?”

“அதை நெனைக்கவே கூடாது. போன வாரம் ஒருத்தர் நெனைச்சுட்டு இருநூத்துப் பத்துக்குப் போயிட்டார். எனக்கு மெமோ குடுத்தாங்க.”

ஐந்து நிமிஷம் கழித்துப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார்கள். நூற்று எழுபத்தெட்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. பக்கத்தில் ‘முழு ஓய்வுக்குப் பின்’ என்று எழுதினார்கள்.

அங்கிருந்த நர்ஸம்மா மட்டும் அந்த எண்ணைப் பார்த்து எழுந்து நின்றாள். எங்கேயோ போய்க் கத்திப் பேசி, ‘காரணம் தெரியும் வரை’ என்று எழுதிய சீட்டில் மாத்திரை வாங்கிக் கொண்டுவந்து கையில் வைத்தாள். “இதை ஒரு நாளும் விட்டுடாத. விட்டா மூளையில ரத்தக்குழாய் வெடிச்சாலும் வெடிக்கும். கைப்புள்ளைக்காரி, புரியுதா?” என்றாள். அந்தக் கட்டடத்தில் அவளுக்குச் சொன்னவற்றுள் ஒரே தடவையில் புரிந்தது அதுதான்.

அடுத்து நெஞ்சில் ஒட்டும் பெட்டி. ஒரு பகல் ஓர் இரவு அதைக் கட்டிக்கொண்டு, வழக்கமான எல்லா வேலையும் செய்ய வேண்டும், ஆனால் வியர்க்கக் கூடாது என்று கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். அவளுடைய வழக்கமான வேலை ஆவி மேசை. வியர்த்தாள். பெட்டி வியர்வையைப் பொருட்படுத்தாமல் நாலாயிரத்து இருநூற்றுப் பத்தொன்பது தவறிய துடிப்புகளை எண்ணி வைத்திருந்தது.

எண்ணிக்கையில் யாருக்கும் சந்தேகமில்லை. ஏன் என்பதுதான் தெரியவில்லை. சிறுநீரகம் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. கழுத்துச் சுரப்பி பார்த்தார்கள், அதுவும் நன்றாக இருந்தது. இரண்டு மாதம் இப்படியே போனது. ஒவ்வொன்றும் இல்லை என்று வரும்போது வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். பதினேழாவதும் இல்லை என்று வந்த அன்று புருஷன் குழந்தைக்குக் கிலுகிலுப்பை வாங்கி வந்தான். சந்தோஷம் ஒன்றுக்கு முந்நூற்று எழுபத்தைந்து என்பது அப்போது அவனுக்குத் தெரியாது.

காரணம் காணும் குழு இருபது நாள் கழித்துக் கூடியது. அவளிடம் இருந்த மாத்திரையை அதற்குள் அவள் பாதி பாதியாக உடைத்துத் தின்னப் பழகியிருந்தாள். சந்தேகப்படத் தக்க குடும்பத்தினர் அனைவரையும் அழைத்து வர வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. புருஷன், மாமியார், குழந்தை மூவரும் வந்தார்கள்.

நீள மேசைக்குப் பின்னால் ஏழு பேர் இருந்தார்கள். மேசை மேல் வெள்ளை விரிப்பு. அது தன் கையால் மடித்தது என்று மடிப்பக்காவுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கொஞ்சம் தைரியம் வந்தது.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அம்மா, இந்த ஆஸ்பத்திரி ஆரம்பிச்சு நாப்பது வருஷம் ஆகுது. இந்த நாப்பது வருஷத்துல காரணம் இல்லாம இங்க ஒருத்தர்கூட செத்ததில்ல. ஒவ்வொருத்தருக்கும் முறையா ஒரு காரணம் எழுதிக் குடுத்துதான் அனுப்பியிருக்கோம். நீ என்னடான்னா உயிரோட வந்து, காரணமே இல்லாம உக்காந்திருக்க. எங்களுக்கு எவ்வளவு தர்மசங்கடம்னு யோசிச்சுப் பாத்தியா?”

“மன்னிச்சிடுங்க சார்,” என்றாள் மடிப்பக்கா.

“ஏதாவது ஒண்ணை ஒத்துக்கோயேன்,” என்றார் இரண்டாவது ஆள். “உப்பு?”

“அளவாத்தான் சார்.”

“புகை?”

“ஆவிதான் சார்.”

“கவலை?”

“இருக்கு சார். இந்த ரசீது வந்ததுலேந்து இருக்கு.”

“அது நோய்க்கு அப்புறம் வந்த கவலை. செல்லாது. நோய்க்கு முன்தேதி போட்ட கவலை ஏதாவது இருக்கா?”

அவள் யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்கும். ஆனால் தேதி குறித்து வைக்கவில்லை.

புருஷன் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டான். “சார், காரணம்னு என் பேரை எழுதிக்கோங்க. நான்தான்.”

“எப்படி?”

“கத்துவேன் சார்.”

ஏழு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உடனே பட்டையைக் கொண்டுவரச் சொல்லி மடிப்பக்காவின் கையில் சுற்றினார்கள். “எங்க, வழக்கமாக் கத்துற மாதிரி கத்துங்க,” என்றார் தலைவர்.

புருஷன் மூச்சை இழுத்துப் பிடித்தான். பெஞ்சில் கையை நீட்டி உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைப் பார்த்தான். “ஏய்,” என்றான். பிறகு, “கை வலிக்குதா?” என்றான்.

அழுத்தம் நாலு புள்ளி இறங்கியிருந்தது. ‘கணவர் காரணமல்லர். தணிக்கும் தன்மையுடையவர்’ என்று எழுதிக்கொண்டார்கள். அவனுக்கு முகம் வாடிப் போனது. குடும்பத்துக்கு உருப்படியாக ஒன்று செய்யலாம் என்று வந்திருந்தான்.

மாமியார் தன் முறைக்குக் காத்திருக்கவில்லை. “என்னைக் கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. மருமகளுக்கு மாமியார்தான் காரணம்னா, இங்க வரிசையில நிக்கிற ஆம்பளைங்களுக்கு எல்லாம் யாரு காரணம்?” என்றாள். குழுவிலிருந்த இரண்டு பேர் எதையோ நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாமியார் பெயர் அடிக்கப்பட்டது.

“அப்ப மிச்சம் இருக்கிறது ஒருத்தர்தான்,” என்றார் தலைவர். “இந்தப் பொம்பளைக்கு எல்லாம் ஆரம்பிச்சது இவங்க வந்த பிறகுதான். கொண்டாங்க.”

குழந்தையை மேசை மேல் வைத்தார்கள். தலைவர் அதனிடம் பெயர், வயது கேட்டார். இந்தக் குழுவின் முன் உண்மையைத் தவிர வேறு எதுவும் சொல்லக் கூடாது என்றார். குழந்தை அவருடைய பேனாவைப் பார்த்துச் சிரித்தது. வாக்குமூலத்துக்கு அடியில் பெருவிரல் ரேகை வைக்க ஒருவர் மைப்பெட்டியைத் திறந்தபோது குழந்தை மேசை விரிப்பை நனைத்தது. கொஞ்ச நஞ்சமாக இல்லை. தலைவருடைய தாள்கள் வரைக்கும் போனது.

ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். குழந்தை ஒத்துழைக்க மறுப்பதாகவும், அதற்குப் பதினெட்டு வயது நிரம்பியதும் விளக்கம் கேட்டு எழுதுவதாகவும் நின்றபடியே தீர்மானம் போட்டார்கள். அதுவரை விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.

“அதுவரைக்கும் மாத்திரை?” என்று கேட்டாள் மடிப்பக்கா.

“காரணம் தெரியாம மாத்திரை குடுத்தா, காரணம் இல்லாமலே நோய் வரலாம்னு ஜனங்க நெனைச்சிட மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுத் தலைவர் கால்சட்டையைத் துடைத்துக்கொண்டு போனார்.

அறையில் பியூன் மட்டும் மிஞ்சினார். ஈர விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். மடிப்பக்காவுக்கு நன்றாகத் தெரிந்த சீட்டு, படிவம் பதினாலு. சலவைக்கு வரும் மூட்டையில் காணாமல் போனது, கிழிந்தது, கறை பட்டது எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று வரும். பியூன் ‘விரிப்பு, ஒன்று’ என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதினார்.

“அண்ணே, காரணம் தெரியுமே. எங்க பாப்பாதான். எல்லாரும் பாத்தாங்களே.”

“சத்தம் போடாதம்மா. காரணம் எழுதுனா அதை விசாரிக்க ஒரு குழு உக்காரணும். தெரியலன்னு எழுதுனா ஒரு குத்தோட முடிஞ்சிது.” தலைவரின் முத்திரை ஒரு கயிற்றில் பியூனின் இடுப்பிலேயே தொங்கியது. எடுத்து ஒரு குத்துக் குத்தினார். ‘காரணமின்மையால் தள்ளுபடி.’

அடுத்த நாள் காலையில் மாத்திரைக் காகிதத்தில் இரண்டு அரைகள் இருந்தன. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு மடிப்பக்கா வேலைக்கு வந்தாள். அன்றைக்குத் துடிப்பு மூன்று தடவை தவறியது. மூன்றாவது தடவை சுவரில் சாய்ந்து அது திரும்பி வரட்டும் என்று நின்றாள். எதிரே ஆணியில் படிவம் பதினாலு கட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அவளுக்கு எழுத்து வந்ததே இந்தச் சீட்டுகளில்தான். பள்ளிக்கூடம் போகாதவள். இங்கே சேர்ந்த பிறகு மேஸ்திரியிடம் கேட்டுக் கேட்டு ‘உறை’, ‘விரிப்பு’ என்று கூட்டிப் படித்தாள். தானாகப் படித்த முதல் வார்த்தை ‘கிழிசல்’. கட்டங்களுக்குள் எழுதியிருப்பதைத்தான் அவள் எப்போதும் படிப்பாள். உச்சியில் பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்புக்கு அவள் ஏறியதில்லை, வேலைக்கு அது தேவைப்படவில்லை. இன்றைக்கு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லாததால் அதையும் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

‘காரணம் தெரியாதவற்றுக்கான படிவம்.’

இன்னொரு தடவை படித்தாள்.

“அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?” என்றார் மேஸ்திரி.

“சார், இது எனக்கான படிவம் மாதிரி இருக்கு.”

“அது துணிக்கும்மா.”

“துணின்னு எங்கயும் போடலையே.”

மேஸ்திரி கிட்டே வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சீட்டுகளை மூட்டையில் செருகி அனுப்புகிறவர். தலைப்பை இரண்டு தடவை படித்தார். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். “போடலதான்,” என்றார். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது.

இத்தனை நாளும் ஆஸ்பத்திரிக்காரர்கள் சரியான படிவத்தை எடுக்கத் தெரியாமல் அல்லாடியிருக்கிறார்கள் என்று மடிப்பக்காவுக்கு அவர்கள் மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஒரு சீட்டைப் பிரித்து மேசை மேல் வைத்துக்கொண்டு எழுதினாள். எண்ணிக்கை: ஒன்று. விவரம்: பாக்கி, ரசீது எண் தொள்ளாயிரத்து எட்டு, ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு காசு ஐம்பது. நிலை என்ற இடத்தில் நல்லது, கிழிசல், கறை என்று மூன்று இருந்தது. மூன்றும் பொருந்தவில்லை. பக்கத்தில் ‘உபயோகத்தில் உள்ளது’ என்று எழுதினாள். காரணம்: தெரியவில்லை. எதிலும் ஒரு பொய் கிடையாது. எழுதி முடிக்க அரை மணி நேரமானது.

சாயங்கால மூட்டையில் அறுபத்தொரு சீட்டுகளோடு அறுபத்திரண்டாவதாக அது போனது. மறுநாள் காலை அறுபத்திரண்டும் முத்திரையோடு திரும்பி வந்தன. பியூன் ஒரே மூச்சில் குத்தியிருக்க வேண்டும். எல்லா முத்திரையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

காகிதத்தில் மாத்திரை தீர்ந்துவிட்டிருந்தது. அவள் நேராகக் கட்டணக் கவுண்டருக்குப் போனாள்.

கவுண்டர்காரர் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “இது பதினாலாம் நம்பராச்சேம்மா.”

“ஆமா சார்.”

“இது விரிப்புக்குள்ளது.”

“அப்படிப் போடல சார். மேலே படிச்சுப் பாருங்க.”

அவர் மேலே படித்தார். உதடு அசைந்தது. “தலைவர் முத்திரை வேற இருக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு நிராகரிப்புப் புத்தகத்தை எடுத்துத் திறந்து, பேனா மூடியைக் கழற்றினார். அதில் முதல் பத்தியே காரணம்தான். பேனா அங்கேயே நின்றது.

“உன்னை நிராகரிக்கணும்னா நான் இதுல காரணம் எழுதணும். எழுதுனா அதை விசாரிக்கக் குழு உக்காரும். என்னையும் கூப்பிடுவாங்க.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. “என் சம்சாரத்தையும் கூப்பிடுவாங்க.”

புத்தகத்தை மூடினார். வேறொரு தடித்த பதிவேட்டை இழுத்தார். “தள்ளுபடிக்குன்னு பத்தி இருக்கிறது துணிக் கணக்குல மட்டும்தான். உன் கோப்பை அதுலயே ஏத்திடுறேன். பரவாயில்லையா?”

“மாத்திரை கெடைக்குமா சார்?”

அவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். “துணிக் கணக்குல உள்ள எதுவா இருந்தாலும், உபயோகத்துல இருக்கிற வரைக்கும் பராமரிக்க வேண்டியது ஆஸ்பத்திரி பொறுப்பு,” என்று படித்தார். “உபயோகத்துலதான் இருக்கேன்னு நீயே எழுதிட்ட. அப்புறம் என்ன? மாசா மாசம் வந்து வாங்கிக்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கெடுப்பு உண்டு. அன்னிக்கு மட்டும் அலமாரிப் பக்கத்துல வந்து நில்லு, எண்ணிட்டு விட்டுடுவாங்க.”

பக்கத்து ஜன்னலுக்கு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, “விரிப்பு ஒண்ணு!” என்று குரல் வந்தது. மடிப்பக்கா முன்னால் போய் நின்றாள். முப்பது மாத்திரையை எண்ணிக் கொடுத்தார்கள். அங்கேயே ஒன்றைப் பிரித்து, உடைக்காமல், தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.

கையெழுத்துப் போடத் திரும்பி வந்தபோது அவளுக்கு ஒரு துடிப்பு தவறியது. கவுண்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். போனது போனதுதான் என்று நினைக்கிற அளவுக்கு நேரமான பிறகு, இரண்டாகச் சேர்ந்து வந்தது.

“என்னாச்சும்மா?” என்றார் கவுண்டர்காரர்.

“தெரியல சார்.”

அவர் முகம் மலர்ந்தது. “நல்லது. யாரு கேட்டாலும் இதையே சொல்லு,” என்றார். பிறகு அளவுகோலை வைத்து, அந்தச் சிவப்புத் தொகை மேல், ஐம்பது காசையும் சேர்த்து, நீளமாக ஒரு கோடு போட்டார்.